மேசை ஓரத்துத் தூசியும் ஒரு சோடி வெள்ளிக் கண்மலரும்

இது நடந்தது 1992ஆம் ஆண்டில், லண்டனில். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. நான் காலையில் ஒரு ஒபிசில் துப்புரவு வேலை, மத்தியானம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அலுப்புத்தான். பஸ்சில் நின்றபடியே நித்திரை கொண்டிருக்கிறேன். சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்திவிட்டு, கும்பிட்ட கையோடு கண்ணயர்ந்து, நெற்றி அலுமாரியில் முட்டிய பிறகு விழித்திருக்கிறேன். அம்மன் என்னைக் கோபித்திருக்கமாட்டா. அவவுக்கு என்னைத் தெரியும்.

ஒபிஸ் நகரின் நடுவில், ஆறு மாடிக் கட்டடம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அங்கே கோட் போட்டவர்கள் வருவார்கள். மாடிக்கு இரண்டு பேர். ஒருவர் குப்பைக் கூடைகளைக் கொட்டி மேசைகளைத் துடைக்க வேண்டும். மற்றவர் தூசி உறிஞ்சுகிற ஹூவர் பிடித்து, கழிப்பறைகளையும் கழுவ வேண்டும். துப்புரவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், பாதிப்பேர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். நாலாம் மாடியில் என்னோடு வேலை செய்தவர் கொலம்பியா நாட்டுப் பெண்மணி. அறுபது வயது தாண்டியிருக்கும். குள்ளமான உருவம், இறுக்கிப் பின்னிய நரைத்த தலைமுடி, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. ஒரு மகளின் குடும்பத்தோடு குடியிருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் மொழியில் என்னை மகளே என்பார். எனக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அவருக்கும் அரைகுறை. மிச்சத்தைக் கையால் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசை துடைப்பதில் அவரைப்போல வேறு ஆள் இல்லை. ஒரு தாளைக்கூட இடம் மாற்றாமல் துடைப்பார். எனக்கு ஹூவர் வயரை எப்படிச் சிக்கில்லாமல் சுற்றுவது என்று காட்டித்தந்ததும் அவர்தான்.

அந்த வருடம் மாசி மாதமளவில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர் துடைத்த மேசைகளின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். இரண்டு ஓரங்களிலும் தூசி அப்படியே கிடக்கும். கோப்பிக் கோப்பை வைத்த வட்டங்கள்கூட அழியாமல் இருக்கும். முதலில், பாவம், அலுப்பில் விட்டுவிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், திறந்திருந்த மேசை லாச்சியில் காலை இடித்துக்கொள்கிறார். பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டால் திடுக்கிடுகிறார். ஒருநாள் துடைக்கிற தண்ணீர் வாளியைக் காலால் தட்டி, தரை முழுக்க வெள்ளம். இரண்டு பேருமாக முழங்காலில் நின்று தண்ணீரை ஒற்றி எடுத்தோம்.

"இரவில இந்த மேசையள் எழும்பி நடந்து திரியுது போல, மகளே. விடிய வந்து பாத்தா வேற இடத்தில நிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு துணியை எடுத்துக்கொண்டு, அவர் முடித்த மேசைகளின் ஓரங்களைப் பின்னால் போய்த் துடைத்தேன்.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது. அவர் முன்னால் நடுவைத் துடைப்பார். நான் பின்னால் ஓரங்களைத் துடைப்பேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷ வேலைதான். மனதுக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டே செய்வேன். ஒரு வயதான சீவனுக்கு உதவுகிறேன், இதுவும் ஒரு தொண்டுதானே என்று ஒரு நிறைவு. பிறரிடம் சொல்லாமல் செய்வதால் இன்னும் பெரிய புண்ணியம் என்றுகூட நினைத்தேன்.

எங்கள் சுப்பவைசரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அண்ணை என்று கூப்பிடுவோம். வாயில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். ஒருநாள் நாலாம் மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, உம்மட சிநேகிதி மேசையைத் துடைக்கிறாவோ, இல்லாட்டித் தடவிக் குடுக்கிறாவோ?"

"நல்லாத்தான் செய்யிறா அண்ணை. வடிவாப் பாருங்கோ."

அவர் ஒரு மேசையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் அப்போதுதான் துடைத்திருந்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "ம்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அக்காவின் பைக்குள் ஒரு சின்னப் படம் இருக்கும். தேநீர் குடிக்கிற ஐந்து நிமிஷத்தில் அதை எடுத்து முத்தமிட்டு வைப்பார். ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். அவர்கள் சமயத்துப் புனிதவதி ஒருவர், கையில் ஒரு தட்டோடு நிற்கிறார். தட்டில் இரண்டு கண்கள். எனக்கு முதலில் பயமாக இருந்தது. இவர் கண்களைக் காக்கிற தாய் என்று அக்கா விளங்கப்படுத்தினார். தங்கள் ஊரில் கண் நோய் வந்தவர்கள் வெள்ளியில் சின்னக் கண் செய்து அந்தச் சந்நிதியில் தொங்கவிடுவார்களாம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அக்கா, நாங்களும் அப்பிடித்தான்! எங்கட அம்மனுக்கும் வெள்ளியில கண்மலர் செய்து வைப்பம்" என்று சொல்லி, கையால் கண்ணின் வடிவத்தைக் காட்டினேன். பூமியின் இரண்டு கோடியில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கழிப்பறைக்குப் பக்கத்து அலுமாரி அறையில், பினாயில் மணத்துக்குள் இருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்தப் படத்தை இவர் ஏன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார் என்று.

"அக்கா, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

அவர் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முகத்தின் இரண்டு பக்கமும் வைத்து மெல்ல மெல்ல நெருக்கிக் காட்டினார். கதவு சாத்துவதுபோல. தன் அம்மாவுக்கு அப்படித்தான் வந்ததாம். தன் அண்ணனுக்கும் அப்படித்தானாம். அம்மாவின் தங்கைக்கும். "எங்கட ஆக்களுக்கு வயது போனா வெளிச்சம் குறையும். தலை நரைக்கிற மாதிரி. நோவில்லை, ஒண்டுமில்லை. அதுக்கு என்ன செய்யிறது?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சுப்பவைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் விசா கேட்பார்கள், மகளுக்குத் தெரிந்தால் வீட்டோடு இருக்கச் சொல்லிவிடுவாள், யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சினார். "உன்ரை கடவுள்மேல சொல்லு" என்றார்.

அம்மன்மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தக் கிழமையே ஒரு நேர்த்திக்கடனும் வைத்தேன். சனிக்கிழமை பஸ் மாறி, ரயில் மாறி எங்கள் ஆட்களின் நகைக்கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் வெள்ளிக் கண்மலர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் ஒரு பெட்டியைக் கிளறி ஒரு சோடி எடுத்துத் தந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை விரதமிருந்து கோயிலுக்குப் போய், அக்காவின் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்வித்து, கண்மலரை அம்மன் பாதத்தில் வைத்துக் கும்பிட்டேன். ஐயர் அந்தப் பேரை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். குங்குமத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாகத் தாளில் மடித்து, அந்தப் படத்தோடு சேர்த்து வைத்தார். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

மாசி போய், சித்திரை போய், ஆடி போய், கார்த்திகையும் வந்தது. நான் துடைக்க வேண்டிய ஓரம் மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே வந்தது. அது எனக்குத் தெரிந்தது. முதலில் ஒரு சாண். பிறகு இரண்டு சாண். கடைசியில் அவர் மேசை நடுவில் ஒரு தட்டளவு இடத்தை மட்டும் சுற்றிச் சுற்றித் துடைத்தார். நான் மற்ற எல்லாவற்றையும் துடைத்தேன். ஒரு மனிசியின் கண் மங்கிப்போவதைத் துணியால் அளந்துகொண்டே இருந்திருக்கிறேன். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மார்கழி தொடங்கி இரண்டாம் கிழமை. வேலை முடிந்து ஒன்பது மணிபோல வெளியே வந்தோம். மழை விட்டு ரோட்டு ஈரமாக இருந்தது. நான் குடையை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றேன். அக்கா நேரே பார்த்தார். முன்னால் ஒன்றும் இல்லை. ரோட்டில் காலை வைத்தார். வலது பக்கத்திலிருந்து கடிதம் கொண்டு ஓடுகிற சைக்கிள்காரன் ஒருவன் மணி அடித்துக்கொண்டே வந்தான். "அக்கா!" என்று கத்தினேன். அவர் நான் கூப்பிட்ட பக்கம் திரும்பினாரே தவிர, சைக்கிள் வந்த பக்கம் பார்க்கவேயில்லை. மோதி இரண்டு பேருமே விழுந்தார்கள். சைக்கிளுக்குப் பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. அதன் சில்லுக்கும் அக்காவின் தலைக்கும் நடுவில் என் குடை நீளம்தான் இருந்தது.

அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிப் போனேன். நல்ல காலம், இடது மணிக்கட்டு எலும்பு மட்டும்தான் உடைந்திருந்தது. கட்டுப் போட்ட டொக்டர், அவ்வளவு பெரிய சைக்கிளை எப்படிக் காணாமல் விட்டீர்கள் என்று கேட்டார். அக்கா கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு விரலைப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். தெரியும்போது சொல்லுங்கள் என்றார். விரல் வந்துகொண்டே இருந்தது. காது தாண்டி, கன்னம் தாண்டி வந்தது. எனக்கு அது முதலிலேயே தெரிந்த விரல். அக்காவுக்கு மூக்குக்குக் கிட்ட வந்தபிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே கண் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஒரு பெண் டொக்டர். அக்காவின் மொழி தெரிந்த தாதி ஒருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். கண்ணுக்குள் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, முகத்தை நாடியோடு ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். பிறகு, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார்.

இரண்டு கிழமை என்றார் அக்கா.

டொக்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டு கிழமைக்குள் இவ்வளவு வராதே என்றார். விழுந்ததில் வேறு ஏதும் நடந்துவிட்டதோ, தலையைப் படம் எடுக்க வேண்டுமோ என்று தாதியோடு பேசத் தொடங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் கூட வேலை செய்கிறவர்தானே, உங்களுக்கு ஏதும் தெரியுமா என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் இருந்த இடம் அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டதோ தெரியாது. ஆனால் முகம் என் பக்கம் திரும்பி இருந்தது. கட்டுப் போடாத கை, பைக்குள் இருந்த படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் வாயில் சத்தியம் நின்றது. அம்மன்மேல் செய்த சத்தியத்தை நான் வாழ்க்கையில் ஒருதரமும் மீறியதில்லை. ஊரில் வீட்டை விட்டு ஓடும்போதுகூட, திரும்பி வந்து விளக்கு ஏற்றுவேன் என்று அம்மனுக்குச் சொன்னால் மீறவேண்டி வருமோ என்று பயந்து, சொல்லாமல் வந்தவள் நான்.

"பத்து மாதம்" என்றேன். "மேசை ஓரம் தெரியிறேல்லை. நான்தான் துடைக்கிறனான். அவவின்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான், தமையனுக்கும் இப்பிடித்தான்." எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டே சொன்னேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இப்போதும் நினைப்பேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிற நோய் இது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நோவு இராது, ஓரத்திலிருந்து சாத்திக்கொண்டு வரும். போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரலாம் என்றும், அக்காவின் நாட்டுப் பக்கத்து வயதானவர்களிடம் தான் இதை நிறையக் கண்டிருப்பதாகவும், அநேகம் பேர் வயது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். கொஞ்சம் முன்னமே வந்திருந்தால் இன்னும் கனக்க மிச்சம் பிடித்திருக்கலாம் என்றார். அதைத் தாதி மொழிபெயர்க்கும்போது என் தலை குனிந்தே இருந்தது.

வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார். கோபிப்பார் என்று பார்த்தேன். "பத்து மாதமா என்ரை மேசையைத் துடைச்சிருக்கிறாய். ஆர் செய்வினம், மகளே?" என்றார். அந்தச் சொல் எனக்குச் சாட்டையால் அடித்தமாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கண்மலர் வாங்க ஒரு சனிக்கிழமை முழுக்க அலைஞ்சனீர் என்ன?"

"ஓம்."

"அண்டைக்கு அந்த மனிசியைக் கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"

 குசினிக்குள் போய் அழுதேன். உண்மை என்னவென்றால், கண்மலர் வாங்குவது எனக்குச் சுலபம். கடைக்காரர் தமிழர், ஐயர் தமிழர், அம்மனுக்கு என் பாஷை தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் படிவம் நிரப்ப வேண்டும், இங்கிலீஷ் பேச வேண்டும், அரைநாள் வேலையை விட வேண்டும். விசா கேட்பார்களோ என்ற பயம் அக்காவுக்கு மட்டுமில்லை, எனக்கும் இருந்தது. எனக்கு அலுப்பாகவும் இருந்தது. அந்த அலுப்புக்கும் பயத்துக்கும் நான் புண்ணியம் என்று பேர் வைத்து, பத்து மாதம் கும்பிட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் சுப்பவைசர் அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அக்காவை நிற்பாட்டாதீர்கள் என்று கேட்பதற்கு ஆயத்தமாகத்தான் போனேன். அவர் வழமையான நக்கல் ஒன்றும் இல்லாமல் நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. நீர் துணியோட பின்னால திரியிறதும் தெரியும். மனிசி பாவம், நீங்கள் ரெண்டு பேரும் என்னெண்டாலும் சமாளியுங்கோ எண்டுதான் கண்டும் காணாமல் இருந்தனான்."

அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் நல்ல மனசுதான். அக்காவின் பார்வை மட்டும் எங்களுக்கு நடுவில் போய்விட்டது.

கை சுகமான பிறகு அண்ணை அவரை மேசை வேலையிலிருந்து எடுத்து, ஆறாம் மாடியில் இருந்த சின்னக் குசினியில் கோப்பை கழுவ விட்டார். அங்கே ஒவ்வொரு சாமானும் எங்கே இருக்கிறது என்று அவருடைய கைக்குத் தெரியும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டார். இருந்த பார்வை நின்றது. போனது போனதுதான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் காலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திருநீற்றோடுதான் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து பின்னால் உள்ள மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். எல்லாரும் அவர்களுடைய ஆட்கள்தான். வயதானவர்கள் நிறையப் பேர். ஒரு பெரியவர் கோப்பை விளிம்புக்குள் விரலை வைத்து, சூடு பட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். ஒரு கிழவி பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்பினார். இன்னொருவர் வாங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நடந்தார். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மகளோ மருமகளோ சிரித்த முகத்தோடு போய், சிந்தியதைத் துடைத்தார்கள், கதிரையை நகர்த்தி வைத்தார்கள். அந்தப் பெண்களைப் பார்க்க என்னையே பார்த்தமாதிரி இருந்தது.

இவர்களையும் கண் டொக்டரிடம் போகச் சொல்லுங்கோ என்று நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர். பையிலிருந்து சொட்டு மருந்துப் போத்தலை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா என்ற சொல்லும் அண்ணன் என்ற சொல்லும் வந்தன. அவை அவரிடம் கேட்டுப் பழகிய சொற்கள். இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கதவு சாத்துவதுபோல நெருக்கிக் காட்டினார்.  விரலை வைத்துக் கோப்பி ஊற்றிய பெரியவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்களில் ஒருவர் பின் ஒருவராக டொக்டரிடம் கண் காட்டப் போனார்கள் என்று அக்கா சொன்னார். சிலருக்கு அதே நோய். சிலருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் வந்தது. சிலருக்கு வெறும் கண்புரைதான், வெட்டி எடுத்துவிட்டார்கள். சிலர் போகவேயில்லை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்.

அக்கா ஐந்து வருடத்துக்குப் பிறகு மகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது அந்தப் படத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அது என் சுவாமி அறையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருதரம் நானும் கணவரும் தவறாமல் கண் காட்டிவிட்டு வருகிறோம். கோயிலில் யாராவது கண்மலர் வைக்கக் கண்டால், பக்கத்தில் போய், டொக்டரிட்டக் காட்டினீங்களோ பிள்ளை என்று கேட்காமல் வரமாட்டேன். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை. நான் செய்து கொடுத்த சத்தியத்தை மீறியதற்கு அம்மன் என்னை மன்னித்துவிட்டா என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பத்து மாதம் காப்பாற்றியதற்கு மன்னித்தாவோ என்று இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.